வெட்டினால் இரண்டாகும் கடல் சாமந்தி

நன்னீர் ஏரியான ஒண்டாரியோவின் கரையில் அமைந்த டொராண்டோவில், குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கலவையைக் கரைத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் கடலை உண்டாக்கிக்கொள்வோர், கோமாளி மீனுக்குத் துணையாகக் கடல் சாமந்தியையும் வைக்க விரும்புகின்றனர். பூவின் பெயரைத் தாங்கினாலும், நச்சு உயிரணுக்கள் நிறைந்த உணர்கொம்புகளால் இரை பிடிக்கும் விலங்கே அது.

உணர்கொம்பின் நுனி குமிழ்போலப் புடைத்திருக்கும் குமிழ்நுனிச் சாமந்தி தொட்டியிலேயே பெருகக்கூடியது. பாறையைப் பற்றிய அதன் பாதம் எதிரெதிர்த் திசைகளில் நகர, உடல் இழுபட்டு, வாயின் வழியே கிழிந்து, பின்னர் காயம் மூடி இரண்டு முழு விலங்குகளாகிறது. கூரிய கத்தியால் வாயின் குறுக்கே வெட்டி இதைச் செய்வோரும் உண்டு. பிறப்பவை அனைத்தும் தாயின் நகல்களே என்பதால், இதை இனவிருத்தி என்பதைவிடப் பதியன் போடுதல் என்பதே பொருந்தும்.

கம்பளச் சாமந்தி போன்றவை இவ்வாறு எளிதில் பெருகாமையால், பெரும்பாலும் பவளத்திட்டுகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. பிலிப்பீன்சின் சேபு பகுதி பற்றி 2005இல் வெளியான ஆய்வு, சேகரிப்பு நடந்த இடங்களில் சாமந்திகளும் அவற்றை அண்டி வாழும் மீன்களும் குறைந்திருந்ததைக் காட்டியது. சாமந்திகள் நெடுங்காலம் வாழக்கூடியவை; 1828இல் ஸ்காட்லாந்துக் கரையில் பிடிக்கப்பட்ட ஒரு சாமந்தி எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. இத்தகைய நீண்ட ஆயுள் கொண்ட உயிரில் முதிர்ந்தவற்றை விட்டுவைத்து, சிறியவற்றை மட்டும் பாதம் கிழியாமல் பெயர்த்தெடுத்தால்தான் முக்குளித்து அவற்றைச் சேகரிப்போரின் பிழைப்பும் நீடிக்கும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் கற்பவளங்கள் இருந்தாலும் கடல் சாமந்திகள் இடம்பெறாததால், டொராண்டோவில் வந்திறங்கும் ஒன்றுக்கு அந்த உடன்படிக்கையின் அனுமதிச்சீட்டு தேவைப்படுவதில்லை.