தோல் தொட்டியிலிருந்து டெல்லிக்கு



தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில், சானடோரியத்தை அடுத்துக் குரோம்பேட்டையில் நிற்கிறது. அங்கே இயங்கிய குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. அடுத்து வரும் பல்லாவரமும் தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்ற ஊர். இந்தத் தொழிலுக்குத் தம் அறிவியலைக் கொடுத்து, பிறகு நாட்டின் அறிவியல் நிர்வாகத்துக்கே தலைமை ஏற்ற டாக்டர் நாயுடம்மாவைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில், 1922-ல், ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பம் படித்தார். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் பெற்றார். தோல் வேலை என்றாலே முகம் சுளித்து, அதைச் செய்பவரை ஒதுக்கி வைத்த காலம் அது. படித்தவர்கள் எட்டிப் பார்க்காத அந்தத் துறையை அவர் விரும்பி ஏற்றார்.

உரித்த தோல் சீக்கிரமே அழுகிவிடும். அழுகாமல் காப்பதுதான் பதனிடுதல். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு அந்த வேலையை விரைவாக முடித்துவிடும். பட்டையின் தரம், தண்ணீர், விலை, கழிவு என்று எல்லாமே இதில் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தாலும், தொட்டியருகே நிற்கும் தொழிலாளியின் கைக்கு அது வராவிட்டால் பயனில்லை.

அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1958-ல் இயக்குநரான நாயுடம்மா, இதை மனத்தில் வைத்தே வேலை செய்தார். விஞ்ஞானிகளைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார். முதலாளிகளையும் தொழிலாளிகளையும் நிறுவனத்துக்குள் வரவழைத்தார். இறக்குமதிப் பட்டைகளுக்கு மாற்றாக உள்நாட்டுப் பொருள்களை ஆராயச் செய்தார். தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் ஒரு தலைமுறையாக உருவானார்கள்.

அந்த உழைப்பின் மதிப்பு எழுபதுகளில் தெரிந்தது. அதுவரை நம் நாடு பெரும்பாலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்தது. அதைச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கி லாபம் பார்த்தவை வெளிநாடுகள். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலுக்கும் தோல் பொருள்களுக்கும் ஊக்கம் கொடுத்தது. உத்தரவு போடுவது ஒரு நாள் வேலை. அதை நிறைவேற்றும் திறமையை வளர்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளை அடையாறு முன்கூட்டியே செலவிட்டிருந்தது.

1971-ல் நாயுடம்மா, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக டெல்லிக்குப் போனார். நாடெங்கும் இருந்த ஆய்வகங்கள் அவர் பொறுப்பில் வந்தன. அங்கேயும் அதே வழியில்தான் நடந்தார். கரீம்நகர் என்ற பின்தங்கிய மாவட்டத்தின் தேவைகளைத் தீர்க்கப் பல ஆய்வகங்களைச் சேர்ந்து உழைக்க வைத்தார். 1977-ல் அந்தப் பொறுப்பை விட்டார். பிறகு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1985 ஜூன் 23 அன்று, கனிஷ்கா என்ற பயணிகள் விமானம் குண்டுவெடித்துக் கடலில் விழுந்தபோது, உயிரிழந்த 329 பேரில் அவரும் ஒருவர்.

தோல் தொழில் நம் தண்ணீருக்குச் செய்த கேட்டையும் சொல்லியாக வேண்டும். பல்லாவரம் அன்று அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட, தமிழகத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றது. வேலையும் வேண்டும், கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். இரண்டையும் காப்பாற்றும் வழியைத் தேடுவது இன்றைய விஞ்ஞானியின் கடமை.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அறிவியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை நீங்கள் அரசின் கொள்கைகளை எழுதும் இடத்துக்கு வரலாம். அதற்கு முன்பு ஒரு தொழிலையாவது அதைச் செய்கிறவர்களின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். நாயுடம்மா டெல்லிக்குக் கொண்டுபோன பெரிய தகுதி அதுதான்.