கரந்துறையும் செய்தி

ஒரு செய்தியைப் பிறர் அறியாமற் காக்க இரு வழிகள் உண்டு. பிறருக்குப் புரியாதவாறு எழுதுவது ஒன்று. செய்தி இருப்பதே தெரியாதவாறு வைப்பது மற்றொன்று. முன்னது பூட்டிய பெட்டி. பின்னது புதைத்த பெட்டி. இரண்டாம் வழி தமிழுக்குப் புதிதன்று. ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்கிடையே வேறொரு செய்யுளை மறைத்து வைப்பதற்குக் 'கரந்துறைச் செய்யுள்' என்று பெயரிட்டு, அதனைச் சித்திரகவியுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர்.

அவ்வித்தை இன்று கைப்பேசிப் படத்துக்குள் புகுந்துள்ளது. கைப்பேசியில் உள்ள படம் எண்களின் வரிசையே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். 200 என்பதை 201 ஆக்கினால் கண் அதனை அறியாது. ஒற்றைப்படை எண்ணை 1 என்றும் இரட்டைப்படை எண்ணை 0 என்றும் கொண்டால், 'அ' என்னும் எழுத்தை யூனிக்கோடின் வழக்கமான முறையில் எட்டே புள்ளிகளில் ஒளிக்கலாம். பத்து இலட்சம் புள்ளிகள் கொண்ட படத்தில் ஒரு சிறு நூலே அடங்கும். தாராவியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் குழந்தையின் படத்தில் குடும்பக் கடிதம் ஒன்று உறங்கலாம்.

ஆயினும் இம்முறைக்குக் குறைகள் உண்டு. வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது சுருக்கப்படும். எண்கள் மாறிச் செய்தி சிதையும். மேலும், மாற்றாத மூலப்படம் பிறர் கையில் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டவுடன் குட்டு வெளிப்படும். மூலத்தோடு ஒப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளராகிய நாம் இதனை நன்கு அறிவோம்.

மறைவை மட்டுமே நம்பினால் என்ன நேரும் என்பதற்கு நாம் வாழும் இந்நகரமே சான்று. 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இரகசியமாகக் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினர். குரல் ஊரறிய ஒலித்தது. நிலையம் இருந்த இடமோ மறைவு. பிடிபடாதிருக்க வீடு வீடாக மாற்றினர். நவம்பரில் போலீசார் இடத்தைக் கண்டுபிடித்தனர், வானொலி ஓய்ந்தது. அவர்கள் துணிவு அழியாப் புகழ் பெற்றது. ஆனால் மறைவுக்கு ஆயுள் மூன்று மாதமே.

வங்கிக் கடவுச்சொல்லைப் படத்தில் ஒளித்துவிட்டோம் என்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நம்மவர் ஒருவர் நிம்மதியாக உறங்கலாம். அந்த நிம்மதி, தேடுகிறவன் வரும் வரைதான். ஒளித்தது பூட்டியதாகாது. வேறெவரும் படிக்க இயலாதபடி செய்தியை முதலில் சங்கேதத்தால் பூட்டுவோம். தேவையானால் அதன்பின் புதைப்போம். தோண்டியவன் கையில் பெட்டி கிடைத்தாலும், பொருள் நம்மிடமே இருக்கட்டும்.