புழங்குவதற்காக அச்சான நினைவுத் தாள்

ஒரு தலைவரின் நினைவாக, ஒரு விழாவின் நினைவாக அரசு பணத்தாள் வெளியிடுகிறது என்றால், அது ஊரெல்லாம் புழங்க வேண்டுமா, சேகரிப்பவரின் ஆல்பத்துக்குள் அடங்க வேண்டுமா? புழங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் 1, 2, 5, 10, 100 ரூபாய்களில் நினைவுத் தாள்கள் வெளிவந்தன. ரிசர்வ் வங்கியின் தாளில் காந்தியின் உருவம் முதன்முதலாக இடம்பெற்றது அப்போதுதான்; சேவாகிராம் ஆசிரமம் பின்னே தெரிய அவர் அமர்ந்திருப்பார். அந்தக் காலத்தில் மூணாறில் கொழுந்து கிள்ளியவரோ சித்தூரில் மளிகைக்கடை வைத்திருந்தவரோ இந்தத் தாளுக்கென்று தனி விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சம்பளத்தில் வரலாம், கடைச் சில்லறையில் வரலாம். மலையாளத்திலும் தமிழிலும் தொகை எழுதிய அதே தாள், கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இரு பக்கமும் ஒரே மதிப்பில் செல்லும்.

சீனா 2008-இல் வேறு வழியில் போனது. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நினைவாக வெளியிட்ட 10 யுவான் தாளில் 60 லட்சம் பிரதிகள்தான் அச்சிட்டார்கள். அங்கே மக்கள்தொகையோ 130 கோடிக்கும் மேல். தாளின் விலை முகமதிப்பைப் போல் நூறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சட்டப்படி அது செல்லும் பணம்தான். ஆனால் பத்து யுவானுக்குக் காய்கறி வாங்க அதை யார் நீட்டுவார்? 2015-இல் விண்வெளிச் சாதனைகளுக்காக வந்த 100 யுவான் தாளை 30 கோடி அச்சிட்டு, வங்கியில் முன்பதிவு செய்தவர்களுக்கு முகமதிப்புக்கே மாற்றிக் கொடுத்தார்கள். இது எவ்வளவோ மேல்.

புழங்கினால் தாள் கசங்கும், கிழியும். சேகரிப்பவர் இல்லாவிட்டால் பழசு எதுவுமே மிஞ்சாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மடிப்பு விழாத தாளுக்குத்தான் சந்தையில் நல்ல விலை என்பதும் உண்மை. ஆனால் சேகரிப்பவருக்குத் தேவையான அருமை, புழங்கிய தாளிலும் தானாகவே வந்து சேர்கிறது. பி. என். அடார்கர் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தது 1970 மே 4 முதல் ஜூன் 15 வரை மட்டுமே. அவர் கையெழுத்திட்ட காந்தி நூற்றாண்டுத் தாள்கள், அவருக்கு முன் ஆளுநராக இருந்த எல். கே. ஜா கையெழுத்திட்டவற்றைவிட அரியவை. படம் அதே, தொகை அதே. கையெழுத்து மட்டும்தான் வேறு. அருமையாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டுக் குறைத்து அச்சிட்டதில்லை. வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்த் தாள் கிடந்தால், விலை விசாரிக்கும் முன் கையெழுத்தைப் பாருங்கள். பழைய தாள்களை வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், ஒரு பைசா கொடுக்காதீர்கள்.