எச்சரிக்கைப் பலகை பாலமாகாது



2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. புனே மாவட்டம் தளேகாவ் அருகே, குண்ட்மாலாவில் இந்திராயணி ஆற்றின் குறுக்கே நின்றிருந்த பழைய இரும்பு நடைபாலம் பிற்பகலில் இடிந்து விழுந்தது. மழையால் ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் பார்க்க வந்தவர்களும் ஊர்க்காரர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலத்தின் மீது இருந்தனர். நால்வர் மாண்டனர், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் என மாநில அரசு அறிவித்தது.

அப்பாலம் ஆபத்தானது என்பது அரசு அறியாத செய்தியன்று. எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்தது. புதிய பாலத்திற்கு 8 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. பணி ஆணையும் விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்புதான் வழங்கப்பட்டதாக அரசுத் தரப்பே கூறியது. ஆபத்தை ஒப்புக்கொண்டவர்கள் மழைக்காலம் வரும்வரை செய்தது பலகை வைத்தது மட்டும்தான். விபத்துக்குப் பின் வந்த விளக்கமும் அதையொட்டியே அமைந்தது: பலகையை மீறிக் கூட்டம் ஏறியது, இருசக்கர வாகனங்களை ஓட்டிச் சென்றார்கள் என்றார்கள். பலகை வைக்கும் வரை பொறுப்பு அரசுடையது. வைத்தபின் அது இறந்தவனுடையதாகிவிடுகிறது.

வார நாட்களில் அத்தகைய பாலங்களில் நடப்பவர் யார்? பால் கொண்டு செல்வோர், வயலுக்குப் போவோர், பள்ளிப் பிள்ளைகள், ஆலைக்குச் செல்லும் தொழிலாளர்கள். அவர்களுக்கு மாற்று வழி என்பது நெடுந்தொலைவு சுற்றுவது. அதாவது தினமும் ஒரு மணி நேரக் கூலியை இழப்பது. மாற்றுப் பாதை தராமல் வைக்கப்படும் தடைப்பலகையை எந்த உழைப்பாளியும் பொருட்படுத்த இயலாது.

இனி எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். ‘ஆபத்தான பாலத்தை இடிக்க முற்பட்டால் குடியிருப்போரே குறுக்கே நிற்கிறார்கள், எங்கள் பகுதியின் இயல்பு கெடும் என்கிறார்கள்’ என்று அதிகாரிகள் குறைபடுகின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பங்களாக்கள் நிறைந்த பகுதிகளில் ‘இயல்பு’ என்னும் சொல்லுக்கு, பேருந்து வரக்கூடாது, தள்ளுவண்டி நிற்கக்கூடாது என்பதே பொருள். அத்தகைய இயல்பைக் காக்க நாம் கொடி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சொல்லை ஒரு சால்வாசி சொல்லும்போது பொருள் வேறு.

மும்பை பிரபாதேவியில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த எல்பின்ஸ்டன் பாலம் நூறாண்டு கடந்தது, மாற்றியாக வேண்டியதுதான். ஆனால் பழைய பாலம் நின்ற இடத்தில் வரவிருந்தது ஈரடுக்கு மேம்பாலம். மேல்தளம் கடல்வழிப் பாலத்துக்குச் செல்லும் கார்களுக்கு. முதல் திட்டத்தில் சுற்றியுள்ள 19 கட்டடங்கள் பாதிக்கப்படும் நிலை இருந்தது. 2025 ஏப்ரலில் பாலத்தை மூட வந்தபோது மக்கள் தடுத்தனர். பழைய பாலமே இருக்கட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பிழைப்பும் பள்ளியும் இருக்கும் அதே வட்டாரத்தில் வீடு கேட்டனர். வடிவமைப்பு திருத்தப்பட்டது, இடிபட வேண்டிய கட்டடங்கள் ஹாஜி நூரானி சால், லக்ஷ்மி நிவாஸ் என இரண்டாகச் சுருங்கின. செப்டம்பர் 12 அன்று பாலம் மூடப்பட்டது. 19ஐ இரண்டாக்கும் தொழில்நுட்பம் முன்பே இருந்ததுதானே? கேட்க ஆளில்லாதவரை வரைபடம் மாறவில்லை.

(கேட்பவர் யார் என்பதையும் பொறுத்தது. 2021இல் புனே லக்டி பூலில் கணபதி ஊர்வலத்துக்கு இடையூறு என மண்டல்கள் எதிர்த்தவுடன் மெட்ரோ பணியே சில காலம் நின்றது. சால்வாசிக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.)

ஆகவே பாதுகாப்பா, குடியிருப்பா என்னும் கேள்வியே தவறாக எழுப்பப்படுகிறது. முடிந்துபோன வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் கேட்பதால்தான் இரண்டும் மோதுகின்றன.

குண்ட்மாலாவுக்கே திரும்பினால், அங்கு எழும் பாலத்தைப் பற்றியும் இதே கேள்விகள் உள்ளன. நீர் குடைந்த பாறைக் குழிகளால் பெயர்பெற்ற இடம் அது. ஞாயிறுதோறும் நகரத்தார் திரளும் இடம். அகலமான பாலம் வந்தால் கார்களும் விடுதிகளும், அவற்றின் பின்னே நில வணிகரும் வருவர். நடப்போருக்குத் தனிப்பாதை உண்டா? கட்டி முடியும்வரை கடக்க வழி என்ன? கிராம சபையில் வரைபடம் வைக்கப்பட்டதா?

தணிக்கை நடந்துவிட்டது என்னும் பதிலில் ஏமாறவும் கூடாது. 2019 மார்ச் 14 அன்று மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்தருகே விழுந்த நடைபாலம், அதற்கு முன் நடந்த தணிக்கையில் தகுதியானது எனச் சான்று பெற்றதுதான். தணிக்கையாளர் பின்னர் கைது செய்யப்பட்டார். சான்றிதழ் பொறியாளரின் கோப்பில் கிடந்தால் போதாது. அது பாலத்தைப் பயன்படுத்துவோர் படிக்கும் இடத்தில், அவர்கள் மொழியில் ஒட்டப்பட வேண்டும்.

தேகு ரோடு, கடகி பகுதிகளில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கு இது அண்டை ஊர்ச் செய்தி. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் எல்லையிலுள்ள நடைபாலங்களையும் தரைப்பாலங்களையும் நேரில் பார்த்துப் பட்டியலிட வேண்டும்: எது எந்தத் துறையின் பொறுப்பு, கடைசியாக எப்போது சோதித்தார்கள், மூடினால் எத்தனை பேர் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும். பொறுப்புத் துறை எதுவென்றே தெரியாத பாலத்தைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.