தனி மனிதர் முயற்சியும் புவி வெப்பமும்

புவியின் வெப்பம் ஏறி வருகிறது என்பதும், அதற்கு மனிதரின் செயலே காரணம் என்பதும் இன்று ஐயத்திற்கு இடமில்லாத உண்மைகள். இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிவாயுவையும் இடைவிடாது எரித்து வந்ததே இதற்குத் தலையாய காரணம். 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற் பெருக்கத்திற்கு முந்திய காலத்துச் சராசரியைக் காட்டிலும் ஏறக்குறைய 1.55 டிகிரி மிகுந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அவ்வாண்டுக் கோடையில் டெல்லி மாநகரில் வாரக்கணக்கில் 40 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தது. குளிர்சாதனம் பொருத்திய அறையில் அமர்ந்திருந்தவர்கள் அதனை ஒருவாறு கடந்து சென்றனர். செங்கல் சுமப்போரும், சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்போரும், தெருவோரத்தில் காய்கறி விற்போரும் அவ்வாறு கடந்து செல்ல இயலவில்லை.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மருந்து யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வழக்கு. "ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டால் உலகம் தானே திருந்தும்" என்பார் ஒரு சாரார். "அரசுகளும் பெரு நிறுவனங்களும் அசையாத வரையில் தனி மனிதன் விளக்கை அணைப்பதால் பயன் ஒன்றுமில்லை, சாலையை மறித்தாவது உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்வோம்" என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களிலும் எத்துணை உண்மை உள்ளது என்பதை நேயர்களுடன் சேர்ந்து ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் தனி மனிதரின் சிக்கனத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு அரசு இதனைப் பெரிதும் வற்புறுத்தி வருகிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய உலக மாநாட்டில் நம் பிரதமர் இக்கருத்தை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் குஜராத்திலுள்ள கேவடியாவில் 'லைஃப்' என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. மின்சாரம், நீர், உணவு, கழிவு முதலியவற்றில் மக்கள் கைக்கொள்ளத் தக்க 75 எளிய செயல்கள் அதன் பட்டியலில் இடம் பெற்றன. சிக்கனம் நம் நாட்டுக்குப் புதியதன்று. பழைய புடவையைத் தூளித் துணியாக்கி, பின்னர் அதனையே கரித்துணியாக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ உள்ளன.

ஆயினும் சிக்கனம் ஒன்றே போதுமா என்பதற்கு உலகம் தான் விரும்பாமலே ஒரு சோதனை நடத்திப் பார்த்தது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோயின் காரணமாகக் கோடிக்கணக்கான மக்கள் வீட்டுக்குள் அடைபட்டனர். விமானங்கள் தரையில் நின்றன, சாலைகள் வெறிச்சோடின. எந்த உபதேசமும் எந்நாளும் மக்களை அவ்வளவு சிக்கனமாக இருக்கச் செய்ததில்லை. ஆயினும், ஊரடங்கு உச்சத்திலிருந்த ஏப்ரல் தொடக்கத்திற்கூட, உலகம் அன்றாடம் வெளியிடும் கரியமில வாயு முந்திய ஆண்டின் அளவிலிருந்து சுமார் 17 சதவீதமே குறைந்தது. அவ்வாண்டு முழுவதற்குமான குறைவு ஏறத்தாழ 5 சதவீதம். மறு ஆண்டே அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. வெப்ப ஏற்றத்தை 1.5 டிகிரி அளவில் நிறுத்த வேண்டுமாயின் 2030-க்குள் வெப்ப வாயுக்களை 2019-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 43 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் அறிஞர் குழு கூறியதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இச்சோதனை உணர்த்துவது யாது? மனிதர் வீட்டில் அடங்கியிருந்தாலும் அனல்மின் நிலையம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிமெண்டுச் சூளையும் உருக்காலையும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவதாக 2024-ஆம் ஆண்டுக் கணக்குகள் காட்டின. அந்த மின்சாரத்தைப் பெறும் குடும்பத்தலைவி, விளக்கை அணைக்கலாம். ஆனால் எதனை எரித்து மின்சாரம் எடுப்பது என்பதை அவள் தீர்மானிக்க இயலாது. பேருந்து வராத ஊரில் பேருந்தில் செல்லுமாறு ஒருவருக்கு அறிவுரை கூறுவதும் இத்தகையதே. டெல்லியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2002-ஆம் ஆண்டு டிசம்பரில். அதன் பின்னரே காரை வீட்டில் விட்டுச் செல்வது பலருக்கு இயலும் செயலாயிற்று.

இங்கு நீதியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இந்தியர் ஒருவரின் பங்காக ஆண்டொன்றுக்கு வெளியாகும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 டன். நாட்டுக்கு நாடு மட்டுமின்றி, வீட்டுக்கு வீடும் இவ்வேறுபாடு உண்டு. உலகக் குடும்பங்களில் மிகுதியாக நுகரும் பத்தில் ஒரு பங்கினரே, குடும்பங்களின் நுகர்வால் விளையும் வெப்ப வாயுக்களில் 34 முதல் 45 சதவீதத்திற்குப் பொறுப்பாவர் என்பது முன்னர்க் கூறிய அறிஞர் குழுவின் கணிப்பு. ஆகவே, ஒரே மின்விசிறியின் கீழ் ஐவர் உறங்கும் வீட்டுக்குச் சென்று சிக்கனத்தைப் போதிப்பது பொருந்தாது. ஓராண்டில் பலமுறை விமானம் ஏறுவோரிடமே அப்போதனை முதலில் செல்ல வேண்டும்.

'கார்பன் தடம்' என்னும் தொடர் இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. ஒருவர் தம் வாழ்க்கையால் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறார் என்பதை அது குறிக்கும். இதன் மூலக் கருத்து பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்தது. ஆனால் இதனை மக்களிடையே பரப்பியதில், 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் பி.பி. என்னும் பெரிய எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய் விற்பவர், வாங்குபவரை நோக்கி, "உம்முடைய தடம் எவ்வளவு?" என்று கேட்டார். கேள்வி தவறன்று, கேட்டவர் தம்முடைய தடத்தைப் பின்னே மறைத்துக்கொண்டதே குறை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இதில் வேறொரு செய்தியும் புலப்படும். இப்பொருளைப் பற்றிய அறிக்கைகளில் "வெளியீடுகள் குறைக்கப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாக்கியங்களே மிகுதி. இவை செயப்பாட்டு வினைகள். இலக்கணப்படி இவற்றில் செய்பவரை மூன்றாம் வேற்றுமையில் வைத்து, 'இன்னாரால்' என்று கூற இடமுண்டு. பெரும்பாலும் அவ்விடம் காலியாகவே விடப்படுகிறது. 'யாரால்' என்று கேட்டால், மக்களால் என்று அரசு கூறும். அரசால் என்று மக்கள் கூறுவர். நுகர்வோர் விரும்புவதையே தாம் செய்வதாக நிறுவனம் கூறும். அந்த வெற்றிடத்தை நிரப்புவதே இன்றைய பெரும் பணி என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்படியாயின் தனி மனிதர் முயற்சி வீண்தானா? அன்று. அது பயன்படும் வழியை இரண்டு உதாரணங்களால் விளக்கலாம்.

எல்.இ.டி. விளக்கு நல்லதென்று அறிந்து, விலை கொடுத்து வாங்கியோர் தொடக்கத்தில் மிகச் சிலரே. 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் 'உஜாலா' என்னும் திட்டம் வந்தது. அரசு சார்ந்த நிறுவனமொன்று கோடிக்கணக்கில் விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. அத்திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வீடுகளை அடைந்தன. அதன் பின் சிக்கன விளக்கு வாங்குவது ஒருவரின் கொள்கைப் பிடிப்பாக இராமல், ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

மற்றோர் உதாரணம் குளிர்சாதனக் கருவி. அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது எரிசக்திச் சிக்கனத் துறையின் மதிப்பு. இதனை எத்தனை முறை சொன்னாலும், வெயிலில் வந்தவர் கை 18-ஐ நோக்கியே செல்லும். 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல், நட்சத்திரக் குறியிட்டு விற்கப்படும் அறைக் குளிர்சாதனங்கள் யாவும், இயக்கியவுடன் தாமாகவே 24 டிகிரியில் நிற்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று விதி செய்தனர். வேண்டுவோர் குறைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆயினும் நல்வழி முன்னதாகவே போடப்பட்டிருக்கிறது. தனி மனிதரின் நல்ல பழக்கம் ஒரு விதியாகவோ விலையாகவோ மாறும்போதுதான் நாடு தழுவிய பயனைத் தரும் என்பது இவ்விரண்டாலும் பெறப்படும்.

இனி, பரபரப்பூட்டும் கிளர்ச்சிகளைக் காண்போம். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் வான்கோ என்னும் ஓவியர் தீட்டிய சூரியகாந்திப் படத்தின் மீது இளம்பெண்கள் இருவர் தக்காளி ரசத்தை வீசி எறிந்தனர். பின்னர்த் தம் கைகளைப் பசையால் சுவரில் ஒட்டிக்கொண்டனர். புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு உரிமம் வழங்கலாகாது என்பது அவர்களைச் சேர்ந்த இயக்கத்தின் கோரிக்கை. படத்திற்குக் கண்ணாடிக் காப்பு இருந்தது. சட்டம் மட்டுமே சேதமுற்றது. உலகமெங்கும் அச்செய்தி பரவியது. ஆனால் மக்கள் பேசியது ஓவியத்தைப் பற்றியே. எண்ணெய்க் கிணற்றைப் பற்றிப் பேசியோர் சிலர். 2024 செப்டம்பரில் அவ்விருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதற்கிடையே, 2023-இல், கிளர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் மேலும் கடுமையாக்கியது.

மறுபுறத்தையும் கூறுவதே நேர்மை. 2024-இல் பதவியேற்ற பிரிட்டிஷ் அரசு, புதிய கிணறுகளுக்கு உரிமம் வழங்குவதில்லை என்ற கொள்கையை மேற்கொண்டது. தங்கள் கோரிக்கை நிறைவேறியது என்று கூறி, அவ்வியக்கத்தினர் 2025-இல் இத்தகைய செயல்களை நிறுத்திக்கொண்டனர். அதில் ரசத்தின் பங்கு எவ்வளவு, வாக்குச் சீட்டின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துச் சொல்லத் தராசு இல்லை.

கிளர்ச்சிக் கலையில் நம் நாடு கற்றுக்குட்டியன்று. 1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் காந்தியடிகள் 78 பேருடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். பேரரசை ஒரு பிடி உப்பால் அசைக்கவா என்று அன்று நகைத்தோர் உண்டு. ஆனால் அச்செயலில் ஒரு பொருத்தம் இருந்தது. எந்தச் சட்டம் அநீதியோ அந்தச் சட்டமே மீறப்பட்டது. உப்பு ஏழையின் கலத்திலும் இருந்தது. ஏன் இப்படிச் செய்கிறார் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1973-இல் இமயமலைச் சாரலில் தோன்றிய சிப்கோ இயக்கமும் அத்தகையது. உழுகருவி செய்யக் கிராமத்தாருக்கு மறுக்கப்பட்ட மரங்கள், விளையாட்டுக் கருவி செய்யும் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டன. மக்கள் மரங்களைக் கட்டித் தழுவிக்கொள்வோம் என்று எழுந்தனர். மறு ஆண்டு மார்ச் திங்களில் ரேணி என்னும் சிற்றூரில், ஆடவர் ஊரில் இல்லாத வேளையில் மரம் வெட்ட வந்தோரைக் கௌரா தேவி என்னும் கிராமப் பெண்மணி, மற்றப் பெண்களைத் திரட்டிச் சென்று தடுத்து நிறுத்தினார். இயக்கம் பரவிய பின், 1980-இல் அப்பகுதி இமயமலைக் காடுகளில் பச்சை மரங்களை வெட்டுவதற்குப் 15 ஆண்டுத் தடை வந்தது. எந்த மரத்தைக் காக்க வேண்டுமோ அந்த மரத்தையே அணைத்தனர். வெட்டாதே என்று கேட்டனர். கேட்டதைத் தரும் அதிகாரம் யாரிடம் உண்டோ அவரிடமே கேட்டனர்.

2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றத்தின் முன், பள்ளிக்குச் செல்லாமல், கையில் ஒரு பலகையுடன் தனியே அமர்ந்தாள் கிரேட்டா துன்பர்க் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி. எப்பொருளுக்கும் அவள் சேதம் விளைவிக்கவில்லை. தன் படிப்பு நாளையே இழந்தாள். எதிர்காலத்தை அழித்துவிட்டு எதிர்காலத்திற்காகப் படி என்பது முரண் அன்றோ என்ற கேள்வி அவ்விருப்பிலேயே அடங்கியிருந்தது. ஓராண்டுக்குப் பின், 2019 செப்டம்பரில், உலகின் பல நாடுகளில் லட்சக்கணக்கான இளைஞர் வீதிக்கு வந்தனர். நம் நாட்டு நகரங்களிலும் மாணவர் கூடினர். ஆனால் அதனால் மட்டும் புகைபோக்கிகள் அணைந்துவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இவற்றிலிருந்து மூன்று உரைகற்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். ஒன்று, செயலுக்கும் கோரிக்கைக்கும் கண்ணுக்குத் தெரியும் தொடர்பு வேண்டும். இரண்டு, துன்பத்தைச் செய்பவர் தாமே ஏற்க வேண்டும். மருத்துவமனைக்கு விரையும் நோயாளியின் வழியை மறிப்பது, அக்கோரிக்கைக்கே பகைவரைச் சேர்க்கும். மூன்று, ஓர் அதிகாரி கையெழுத்திட்டு நிறைவேற்றத் தக்க கோரிக்கையாக அது இருக்க வேண்டும். 'புவியைக் காப்பீர்' என்பதற்கு எவரும் மறுப்புக் கூறார். எவரும் ஒன்றும் செய்யவும் வேண்டியதில்லை. 'இந்த வழித்தடத்தில் பேருந்து விடுக' என்பதற்கு உண்டு அல்லது இல்லை என்று விடை கூறியே ஆக வேண்டும்.

சிக்கனமும் கிளர்ச்சியும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணுவதே பிழையின் தொடக்கம். தான் சிக்கனமாக வாழ்பவர் பிறரைக் கேட்கும்போது அக்கேள்விக்கு வலிமை உண்டாகிறது. கேள்வியே கேளாதவரின் சிக்கனம் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. விளக்கை அணைத்த கை, விண்ணப்பத்தில் கையெழுத்திடவும் வேண்டும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கூரைச் சூரிய மின்சாரத்திற்காக உயரவும் வேண்டும். அலுவலகத்தில் 24 டிகிரிக்காக வாதாடவும் வேண்டும். தேர்தலின்போது வேட்பாளரிடம், எங்கள் ஊரில் நிழல் தரும் மரங்களுக்கும் பேருந்துகளுக்கும் என்ன செய்வீர் என்று கேட்டு, ஐந்தாண்டு கழித்து அதனை நினைவூட்டவும் வேண்டும்.

பாதித்தவர் வேறு, பாதிப்புக்குக் காரணமானவர் வேறு என்ற நிலையே இவ்விஷயத்தில் மனத்தை உறுத்துவது. நண்பகல் வெயிலில் செங்கல் சுமக்கும் பெண் வானில் பறந்தவள் அல்லள். குளிர்சாதனம் கண்டவளும் அல்லள். கிளர்ச்சி செய்ய அவளுக்கு ஒரு நாள் கூலியை இழக்க முடியாது. அவளுக்காகக் கேட்கும் ஓய்வும் எழுத்தறிவும் உடையோர், தம் விளக்கை அணைத்ததோடு கடமை முடிந்தது என்று உறங்கச் செல்லலாகாது.