ஒரே மாவட்டம், இரண்டு விவசாயம்

(தாராவியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லைச் சீமை என்றாலே தாமிரபரணி பாயும் பச்சை வயல் என்று வெளியூரார் எண்ணுகிறார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் அது உண்மை. அணை நிறைந்தால் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஆனால் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் தேரி மணலும் பனையும் மானாவாரியும்தான். அந்தக் காய்ந்த மண்தான் நம்மில் பலரை இந்தத் தாராவிக்கு அனுப்பியது.

"பயிரை மாற்றுங்கள்" என்கிறார்கள். மாற்றினோமே! இங்கிருந்து அனுப்பிய பணத்தில் கிணற்றை ஆழப்படுத்தி முருங்கை வைத்தோம். காய் குவிந்த மாதத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. நெல்லுக்கு ஆதரவு விலை உண்டு, கொள்முதல் நிலையம் உண்டு. முருங்கைக்கு இரண்டும் இல்லை. நீரும் விலையும் ஒரு பக்கம், நட்டம் மட்டும் மறுபக்கமா?

மாற்றுப் பயிர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு வாய்க்கால் தண்ணீர், காயையும் இலையையும் பொடியாக்கும் கூடம், கட்டுப்படியாகும் விலை என மூன்றும் வேண்டும் என்கிறோம்.

மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறோம். மே 1 அன்று கிராம சபை கூடும். கோயில் கொடையோடு திரும்பிவிடாமல், ஊர் உறவுகளோடு சபையில் உட்கார்ந்து இந்த மூன்றையும் தீர்மானமாக்குவோம்!