நோய்க்கு மருந்து இல்லாவிட்டாலும் வலிக்கு மருந்துண்டு

(சுண்ணாம்புக்குளத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், புற்றுநோய் கண்டவர்களைக் கடைசி மட்டும் பராமரிக்க நர்சுகளைப் பழக்குவது பற்றியதாகும். மீன்பிடித்துப் பிழைக்கும் குப்பங்களில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிட்டால், அந்த நோயாளி கும்மிடிப்பூண்டி வரை ரயிலிலும், பிறகு பஸ்ஸிலுமாக இங்குள்ள வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேருகிறான். அதன்பின் அவன் இரவெல்லாம் அலறினால் அதற்கு ஜவாப்தாரி யார்?

"பூர்வஜென்ம கர்மம், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்கிறான் வைதீகன். அப்படியானால் அந்த வைதீகனுக்குப் பல்வலி வந்தால் கர்மம் கழியட்டுமென்று சும்மாயிருக்கின்றானா? டாக்டர் வீட்டுக் கதவைத்தானே தட்டுகின்றான்! பால்குடிக் குழந்தைக்கும் புற்றுநோய் வருகிறதே, அது என்ன பாவம் செய்தது? பிறத்தியான் வலிக்கு மட்டும் தத்துவம் பேசுவது யோக்கியமாகுமா?

தோழர்களே! நோயைத் தீர்க்க முடியாமற் போகலாம். ஆனால் பெரும்பாலோருடைய வலியைத் தணிக்க முடியும். உலக சுகாதார ஸ்தாபனம் 1986லேயே இதற்குப் படிப்படியான முறையை வகுத்துச் சொல்லியிருக்கிறது. சாதாரண வலி மாத்திரையில் தொடங்கி, அதற்கு அடங்காத வலிக்கு மார்பின் கொடுப்பது அம்முறை. மார்பின் அபினிலிருந்து எடுப்பதென்பதால் ஜனங்கள் பயப்படுகிறார்கள். டாக்டர் குறித்த அளவில், வலிக்காகக் கொடுக்கும் மார்பின் உயிரைக் குடிப்பதுமில்லை, மனிதனை வெறியனாக்குவதுமில்லை. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்பும், கொடுக்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் சட்டம் திருந்தி என்ன பயன்?

இங்கேதான் நர்ஸ் வேண்டும். வலி எவ்வளவென்று நோயாளியையே கேட்டுப் பத்துக்கு இத்தனையென்று குறிப்பது. வலி வந்தபின் ஓடாமல், மணிப்படி நாலு மணிக்கொரு தரம் மருந்து கொடுப்பது. மார்பினால் மலம் கட்டுமாகையால் அதற்கும் கூடவே மருந்து தருவது. நாற்றமெடுக்கும் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி நாற்றத்தைப் போக்குவது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது. வாயைச் சுத்தம் செய்வது. உண்மையைப் பக்குவமாகச் சொல்லுவது. இவையெல்லாம் வரப்பிரசாதமல்ல. கற்றால் வரும் வித்தை.

லண்டனில் 1967இல் இதற்கென்று ஆஸ்பத்திரி கண்ட சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸாயிருந்து பின்பு டாக்டரானவர். நமது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தமது தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்டு, 1954இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவரும் அவரேதான். பக்கத்துக் கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை, ஊர் ஜனங்களே தொண்டர்களாகி, நர்சுடன் வீடுவீடாகப் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. 2008இல் அந்த சர்க்கார் அதையே தன் கொள்கையாக்கிக் கொண்டது. நம் சர்க்காரும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டுக்கே நர்ஸை அனுப்பும் நோய் ஆதரவுச் சிகிச்சையைச் சேர்த்திருக்கிறது. பழகிய நர்ஸ் நம் குப்பத்துக்கு முறையாக வருகிறாரா, மார்பின் கிடைக்கிறதா என்று கேட்பது நம் உரிமை. பிச்சையல்ல.

ஆனால் நர்ஸ் வாரத்துக்கு ஒரு நாள் வந்து போனால் மற்ற நாளெல்லாம் யார் பார்ப்பது? பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற ஏற்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. இன்னார் இன்ன நாள் இன்ன இடம் என்று ஒழுங்காக நடத்தத் தெரிந்த நமக்கு, இன்னார் இன்ன நாள் நோயாளி வீடு என்று முறை வைக்கத் தெரியாதா? ஒரு வித்தியாசம் மாத்திரம் வேண்டும். அந்தப் பாட்டில் சாதி பார்த்துப் பங்கு கொடுத்தார்கள். இந்தப் பாட்டில் சாதி கூடாது. புண்ணைக் கழுவ வரும் நர்ஸ் எந்தச் சாதியென்று கேட்பவனும், தொற்றுமென்று நோயாளிக்குத் தனித்தட்டு வைப்பவனும் மூடர்களே. புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதல்ல.

தாய்மார்களே! உங்கள் பெண் நர்ஸ் படிப்புக்குப் போகிறேனென்றால், பிறத்தியார் மலஜலம் எடுக்கும் இழிவான வேலையென்று தடுக்காதீர்கள். பிறர் வலியைப் போக்கும் வேலை இழிவானால், அவ்வலியைக் காட்டித் தட்சணை வாங்கும் வேலையை என்னவென்று சொல்லுவது? பூசாரிக்கு அழும் பணத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்ணின் படிப்புக்குச் செலவிடுங்கள்.

சாவு எல்லோருக்கும் வருவது. அலறிக்கொண்டு சாக வேண்டுமென்பதற்கு மாத்திரம் எந்த நியாயமுமில்லை.